எழுபது ரூபாய்க்கு வாசல் தேடி வரும் உயிர்வாழ் சான்று

இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி, தபால் ஊழியர்களைக் கொண்டு ஓய்வூதியர்களின் வீட்டிலேயே எடுத்துத் தரும் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. ஓய்வூதியம் நிற்காமல் வர ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய சான்று அது. சான்று ஒன்றுக்கு வரி உட்பட 70 ரூபாய். ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கரை கொடுக்கிறேன். வயதான தாயையோ மாமியாரையோ நவம்பர் மாதத்தில் ஆட்டோவில் ஏற்றி வங்கிக்கு அழைத்துப் போக வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. இன்றைக்கே உங்கள் தபால்காரரிடம் சொல்லி வையுங்கள். மற்றவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையில், கணியம்பாடிக்கும் கண்ணமங்கலத்துக்கும் இடைப்பட்ட கிராமம் எங்களுடையது. இந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊரில் அவர்களுடைய விதவைகளும் நிறைய இருப்பார்கள். நவம்பர் வந்துவிட்டால் அந்த வீட்டுத் திண்ணைகளில் தபால் ஊழியருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். யாரும் எனக்குப் பதவி தரவில்லை, பணமும் வாங்குவதில்லை. காகிதம் படிக்கத் தெரியும், இந்தி பேசத் தெரியும், அவர்கள் வீட்டு வாசலில் கூச்சமில்லாமல் நுழையத் தெரியும். இந்த வேலைக்கு அவ்வளவு போதும்.

என் கணவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 24 ஆண்டுகள் இருந்து 1998 இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். எங்கள் மகனும் அப்பாவைப் போலவே குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி முடித்துச் சிப்பாயானான். 2003 இல் ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் போய்விட்டான். வயது 22. கல்யாணம் ஆகவில்லை. கணவர் 2017 இல் காலமானார். அதனால் எனக்கு இரண்டு ஓய்வூதியங்கள் வருகின்றன, ஒன்று மனைவி என்ற முறையில், இன்னொன்று தாய் என்ற முறையில். இரண்டுக்கும் தனித்தனி பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணையின் எண்), தனித்தனி சான்று. ஆண்டுக்கு ஒருமுறை என் முகத்தை இரண்டு முறை காட்டுகிறேன். முதல் முறை காட்டும்போது ஒன்றும் தோன்றாது. இரண்டாவது முறை காட்டும்போது தொண்டை அடைக்கும். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அது மாறவில்லை. பெற்றவள் இருக்கிறாள், பிள்ளை இல்லை என்பதை ஆண்டுதோறும் பதிவு செய்கிற காகிதம் அது. அதை வங்கியில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் வரிசையில் நின்று செய்வதற்கும் சொந்த வீட்டுக் கூடத்தில் செய்வதற்கும் உள்ள தூரம் என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். இந்தச் சேவையை நான் தூக்கிப் பிடிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

பலருக்குத் தெரியாத ஒரு விவரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போர் நடவடிக்கையில் மணமாகாத வீரர் இறந்தால் பெற்றோருக்குச் சார்ந்தோர் ஓய்வூதியம் உண்டு. தாராளமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம் என்று கணக்கிடப்படும் தொகையில் பெற்றோர் இருவரும் இருந்தால் 75 சதவீதம், ஒருவர் மட்டும் இருந்தால் 60 சதவீதம். கணவர் இறந்த பிறகு எனக்கு அது குறைந்தது. குறைவதற்கும் விண்ணப்பம், சான்று, கையெழுத்து எல்லாம் வேண்டும். அந்தக் காகிதங்களோடு அலைந்தபோதுதான் படிக்கத் தெரியாத பெண்கள் என்ன பாடுபடுவார்கள் என்று உறைத்தது. அப்போது தொடங்கியதுதான் இந்தத் திண்ணை வேலை.

இனி சேவைக்கு வருகிறேன். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று 2014 நவம்பரில் வந்தது. ஆதாரில் உள்ள கைரேகையோடு நம் விரலை ஒப்பிட்டு, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்குக் கணினி வழியே தெரிவிக்கும் முறை அது. வங்கியிலோ இ-சேவை மையத்திலோ செய்துகொள்ளலாம் என்றார்கள். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. 2020 நவம்பரில்தான் தபால்காரர் கருவியோடு வீட்டுக்கே வரும் ஏற்பாடு தொடங்கியது. கொரோனா பயத்தில் முதியவர்கள் வெளியே தலைகாட்டாத காலம் அது. 2021 இல் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் முறையும் சேர்ந்துகொண்டது. மத்திய, மாநில அரசு ஓய்வூதியர்கள், வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். ஓய்வூதியம் எந்த வங்கிக் கணக்கில் வந்தாலும் கவலையில்லை. தபால் வங்கியில் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இதைச் சிலர் தப்பாகப் புரிந்துகொண்டு ஒதுங்கி இருக்கிறார்கள்.

எங்கள் பகுதிக்கு வரும் கிராம அஞ்சல் ஊழியர் தென் மாவட்டத்துப் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். என்னை அம்மா என்பாள், பெரியவர்களை ஊர் வழக்கப்படி ஆயா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். ஒரு கைப்பேசி, சின்னக் கைரேகைக் கருவி, ஒரு நோட்டுப் புத்தகம். அவ்வளவுதான் அவளுடைய அலுவலகம்.

சென்ற நவம்பரில் ஓர் ஆயா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1971 போரில் கணவரை இழந்தவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது, கையில் ஒரு பெண் குழந்தை. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் கூலிக்கு மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கியும் நாற்று நட்டும் மகளை வளர்த்தார். அவருடைய கட்டைவிரலைக் கருவியில் வைத்தால் ஒன்றும் பதிவாகாது. ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. வலது கை, இடது கை, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள் அந்தப் பெண். விரலைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டும் பார்த்தாயிற்று. ஆயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை இல்லை என்று சொல்லிவிடுமா கண்ணு?" என்று கேட்டார்.

"சொல்லாது ஆயா, முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, திண்ணையில் வெளிச்சம் முகத்தில் விழுகிற பக்கமாக உட்கார வைத்தாள். பின்னால் வெள்ளையடித்த சுவர் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். முகம் வட்டத்துக்குள் வந்ததும் செயலி கண்ணை இமைக்கச் சொல்லும். உயிருள்ள ஆளா, புகைப்படமா என்று அது சோதிப்பது அப்படித்தான். ஆயாவுக்கு ஒரு கண்ணில் புரை. இமைக்கச் சொன்னால் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அவசரப்படவில்லை. எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, "என் கண்ணையே பாருங்கள் ஆயா, நான் செய்வதுபோலச் செய்யுங்கள்" என்று தான் மெதுவாக இமைத்துக் காட்டினாள். ஆயாவும் அவள் கண்ணைப் பார்த்தபடியே இமைத்தார். பச்சை வட்டம் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மகளின் கைப்பேசிக்குப் பிரமாண் எண்ணோடு, அதாவது அந்தச் சான்றுக்குரிய எண்ணோடு, குறுஞ்செய்தியும் வந்தது.

எழுபது ரூபாயில் எனக்குக் கிடைப்பதாக நான் நினைப்பது அந்தப் பொறுமையைத்தான். முகம் காட்டும் முறையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதற்குக் காசே வேண்டாம். ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியும் ஏற்றிய கைப்பேசி ஒன்று இருந்தால் போதும். யாருடைய கைப்பேசியோ அவர் முதலில் தன் ஆதாரையும் முகத்தையும் காட்டி இயக்குபவராகப் பதிந்துகொள்ள வேண்டும், பிறகு எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். வீட்டில் பேரனோ பேத்தியோ இருக்கிறவர்கள் அந்த வழியில் போய் எழுபது ரூபாயை மிச்சப்படுத்தட்டும். இதை நானே எல்லா வீட்டிலும் சொல்கிறேன். ஆனால் பிள்ளைகள் திருப்பூரிலும் ஓசூரிலும் இருக்க, பட்டன் கைப்பேசியோடு தனியாக வாழும் பெண்களுக்கு ஆதார் எண்ணை யாரிடம் கொடுப்பது என்ற பயம் உண்டு. நியாயமான பயம். முகம் தெரிந்த தபால்காரரிடம் அந்தப் பயம் இல்லை.

படிவத்தில் உள்ள ஒரு கேள்வியைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களிடம் மறுமணம் செய்துகொண்டீர்களா என்று அது கேட்கும். விதி இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது என்பது ஒன்று இருக்கிறதே. ஒரு தனியார் கணினி மையத்தில், எழுபது வயதைக் கடந்த பெண்ணிடம், பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, "மறுகல்யாணம் ஆயிற்றா?" என்று உரக்கக் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா அடுத்த ஆண்டு சான்றே கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். எங்கள் தபால் பெண் அந்த இடம் வந்ததும் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, "இதில் இல்லை என்று போடுகிறேன் அம்மா, சரிதானே" என்று தணிந்த குரலில் ஒப்புதல் வாங்குகிறாள். படிக்கத் தெரியாதவர்கள் என்றால் காதோரம் குனிந்து சொல்கிறாள். இதை யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களா, அவளாகவே கற்றுக்கொண்டாளா என்று நான் கேட்டதில்லை. நாடு முழுவதும் இந்த வேலையைச் செய்கிற ஒவ்வொருவரும் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

துக்க வீட்டில் எப்படிப் பேசுவது என்பதை நான் கற்றது பட்டாளக் குடியிருப்புகளில். வெலிங்டன், அம்பாலா, ஜான்சி என்று கணவரோடு போன இடங்களில் எல்லாம் குடும்ப நல மையம் இருக்கும். ராணுவ வீரர்களின் மனைவியருக்கான நலச் சங்கம் 1966 இலிருந்து இயங்குகிறது, அதன் கிளைபோல ஒவ்வொரு யூனிட்டிலும் பெண்கள் கூடுவோம். தையல், ஊறுகாய், குழந்தைகளுக்குத் தடுப்பூசி என்று பொழுது போகும். யாராவது ஒருத்தியின் கணவரைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் சுபேதார் வீட்டு அம்மா எங்களில் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அவள் குவார்ட்டருக்குப் போவார். ஆறுதல் சொல்லாதே, அடுப்பைப் பார், குழந்தைக்குச் சோறு ஊட்டு, காகிதம் வந்தால் வாங்கிப் பத்திரமாக வை, இதுதான் அவர் எங்களுக்குச் சொன்னது. பஞ்சாபிப் பெண், மலையாளப் பெண், கூர்க்காப் பெண் என்று எல்லோர் வீட்டிலும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டில் அந்த நாள் வந்தபோது குடியிருப்பும் இல்லை, அந்த அம்மாக்களும் இல்லை. ஊர்ப் பெண்கள்தான் வந்தார்கள்.

தபால் துறையோடு எனக்குள்ள உறவு சேவைக் கட்டணத்தோடு முடிவதில்லை. 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் அலுவலக முகவரி போட்ட இன்லேண்டு கடிதத்துக்காகக் காத்திருந்தே பாதி ஆயுள் போயிற்று. அந்த எண்ணை எழுதினால் போதும், வடக்கே எந்த மலையில் இருந்தாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். மகன் இறந்து கருமாதி முடிந்த பிறகு, அந்நாளைய தபால்காரர் அண்ணன் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார். மகன் அனுப்பிய மணியார்டர். காரியம் முடியும்வரை கொண்டுவந்து கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதில் "அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றவும்" என்று எழுதியிருந்தான். என் கணவர் அந்தப் பணத்தைத் தொட மாட்டேன் என்றார். பிள்ளை சொன்னதைச் செய்யுங்கள் என்று நான்தான் வேலூருக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி வாங்க வைத்தேன். கடைசிவரை அதே சட்டத்தில்தான் கண்ணாடி வில்லையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்து, பட்டாள ஓய்வூதியர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம். முன்பு நம் ஓய்வூதியத்தை வங்கியே கணக்கிட்டு வழங்கியது. இப்போது பிரயாக்ராஜில் உள்ள படைத்துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் ஸ்பர்ஷ் என்ற முறையில் நேரடியாக வழங்குகிறது. பணம் வந்து விழுவது மட்டும் பழைய வங்கிக் கணக்கில். ஆகவே சான்று எடுக்கும்போது ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் வங்கியின் பெயரைப் போடக் கூடாது. ஸ்பர்ஷ் என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் ஊர்ப் பெயர் அலகாபாத் என்றோ பிரயாக்ராஜ் என்றோ இருக்கும். பி.பி.ஓ. எண்ணும் பழைய எண் அல்ல, ஸ்பர்ஷில் கொடுத்த புதிய எண். நான் மேலே சொன்ன தனியார் மையத்தில் ஒரு விதவைக்கு வங்கியின் பெயரைப் போட்டு, இருநூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு, சான்று வந்துவிட்டது என்று தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். தாள் வந்தது. பென்ஷன் நின்றது. சில மாதங்கள் மருந்துக்கே கடன் வாங்கினார் அந்த அம்மா. பிரயாக்ராஜுக்குத் தொலைபேசியில் பேசி விவரம் கேட்டு, மறுபடியும் சரியாக எடுத்து அனுப்பிய பிறகுதான் நிலுவையோடு வந்தது. அம்பாலாவில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசக் கற்ற இந்தி அன்றைக்குப் பயன்பட்டது.

சான்று உருவாவது வேறு, ஏற்கப்படுவது வேறு என்பதை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரமாண் எண் வந்துவிட்டதாலேயே வேலை முடிந்ததாகாது. அடுத்த சில நாட்களில் ஜீவன் பிரமாண் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு சான்றைத் திறந்து, ஓய்வூதிய அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டதா என்று பார்த்துவிடுங்கள். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் பிரமாண் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு சரிபார்க்கிறேன்.

அரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்று சொல்கிறேன். எண்பது வயதைக் கடந்தவர்களிடமும் படுத்த படுக்கையாக இருப்பவர்களிடமும் எழுபது ரூபாய் வாங்கக் கூடாது. என்னைப்போல் இரண்டு ஓய்வூதியம் உள்ளவர்களுக்கு ஒரே நாளில் ஒரே திண்ணையில் இரண்டு சான்று எடுக்கும்போது இரண்டாவதற்காவது கட்டணத்தைக் குறைக்கலாம். தொகை சிறியதுதான், ஆனால் சாதாரண குடும்ப ஓய்வூதியம் என்பது கணவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம்தான். பல ஆண்டுகளுக்கு முன்பே சிப்பாயாக ஓய்வு பெற்றவரின் மனைவிக்கு அதில் எழுபதும் கணக்குத்தான். இன்னொன்று, எடுத்த சான்றை அச்சிட்டுக் கையில் கொடுக்கும் வசதி வேண்டும். குறுஞ்செய்தி என்பது படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சத்தம் மட்டும்தான். ஒரு தாள் கையில் இருந்தால் அதை பி.பி.ஓ. உள்ள டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

2024 இல் 800 நகரங்களில் முகாம் வைத்து இந்தச் சான்றை எடுத்தார்கள். நல்ல வேலை. நகரத்து ஓய்வூதியர்களுக்கு அது உதவும். ஆனால் கிராமத்தில் பஸ் ஏறி முகாமுக்குப் போக முடிந்தவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள், போக முடியாதவர்களுக்குத்தான் ஆள் வர வேண்டும். அதனால் முகாம்களுக்குச் செய்கிற விளம்பரத்தில் பாதியையாவது தபால்காரர் வீட்டுக்கு வருவார் என்ற செய்திக்குச் செய்யலாம். எங்கள் ஊரிலேயே பக்கத்துத் தெரு ஆட்களுக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

பட்டாளத்தில் இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அடுத்த விடுமுறையில் வரும்போது அம்மாவின் ஆதார் அட்டையையும் உங்கள் சர்வீஸ் ஆவணங்களில் பதிந்துள்ள அம்மாவின் பெயரையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, இன்னொன்றில் கணவர் பெயர், பிறந்த தேதியில் இரண்டு ஆண்டு வித்தியாசம், இவைதான் பின்னால் பெண்களை அலைக்கழிக்கின்றன. நீங்கள் இருக்கும்போதே திருத்துவது ஒரு நாள் வேலை. அவர்கள் தனியாகத் திருத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதை நான் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பது வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம், நவம்பர்வரை காத்திருக்க வேண்டாம். நெரிசல் இல்லாத அந்த மாதத்தில் தபால் ஊழியருக்கும் நிதானமாக உட்கார நேரம் இருக்கும். தபால் அலுவலகத்தில் நேரில் சொல்லலாம், தபால் துறையின் போஸ்ட்இன்ஃபோ செயலியில் பதியலாம், தெருவில் போகும் தபால்காரரை நிறுத்தியும் சொல்லலாம். அவர் வரும் நாளில் ஆதார் அட்டை, புதிய பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்குப் புத்தகம், குறுஞ்செய்தி வரக்கூடிய ஒரு கைப்பேசி ஆகியவற்றை எடுத்து வையுங்கள். காலை பத்து மணிக்குள் வரச் சொன்னால் திண்ணையில் வெளிச்சம் நன்றாக விழும்.